நான்கு மருந்துக்கடைகளும் ஒரு மாத்திரையும்

சித்தி மகள் என்னை அழைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிசேரியனில் பிறந்த அவள் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். வெள்ளிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் முழுவதும் அவள் கணவர், கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையைத் தேடி, திருச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருக்கும் ஊரில் நான்கு மருந்துக்கடைகள் ஏறி இறங்கியிருக்கிறார். முதல் கடையில் "அதெல்லாம் நாங்கள் வைப்பதில்லை சார்" என்றார்கள். இரண்டாவதில் "டாக்டர் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "அது கவர்மெண்ட் தடை செய்த மாத்திரை தம்பி" என்றாராம். நான்காவது கடையில் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கேட்க வாய் வராமல் இருமல் மருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது, பேசாமல் இரு என்கிறார்கள் அம்மா. நிஜமாகவா அக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தாய்ப்பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. இரவிலும் பகலிலும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஏழு மாதக் குழந்தை ஏற்கெனவே இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சித்தி பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் கேட்டதைச் சொன்னார். அதில் பாதி உண்மை இருந்தது, மீதிப் பாதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தங்கையின் பயம் வெறும் பதற்றம் அல்ல. ஒரு குழந்தை பிறந்த பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குள் குறைந்தது 24 மாதங்கள் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கர்ப்பப்பையில் போட்ட தையல் நன்றாக ஆறுவதற்குள் அடுத்த குழந்தை உருவானால், பிரசவ நேரத்தில் அந்தத் தழும்பு விட்டுப்போகும் ஆபத்து கூடுகிறது. இரத்தச் சோகையிலிருந்து தாய் மீள்வதற்கும் நேரம் கிடைப்பதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். தங்கையின் நிலையில் எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

நான்கு கடைகளில் கிடைக்காத அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. நம் உடலில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டது. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சீக்கிரம் சாப்பிடச் சாப்பிடப் பலன் அதிகம். எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சினைப்பையிலிருந்து வெளிவரும் முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே உறவு கொண்ட அன்றே கரு உருவாகிவிடுவதில்லை, பல நேரம் விந்தணு முட்டைக்காகக் காத்திருக்கிறது. இந்த மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. காத்திருந்த விந்தணு அதற்குள் செத்துப்போகிறது. அவ்வளவுதான் நடப்பது.

முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் இதனால் பெரிய பயன் இல்லை. கர்ப்பம் ஏற்கெனவே தரித்திருந்தால் அதை இது கலைக்காது, கருவுக்கு ஊறும் செய்யாது. மாத்திரை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடியும் ஒன்று சாப்பிட வேண்டும். அடுத்த மாதவிடாய் சில நாள் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் நாள் தள்ளிப்போனால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இன்று சாப்பிட்ட மாத்திரை அடுத்த வாரத்து உறவுக்குக் காவல் இருக்காது. வலிப்பு நோய்க்கும் காசநோய்க்கும் சாப்பிடும் சில மருந்துகள் இதன் பலனைக் குறைத்துவிடும், அவற்றைச் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய் சாப்பிடலாம். பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்ற பேச்சில் உண்மை இல்லை. மாதாமாதம் இதையே நம்பியிருப்பது மட்டும் நல்லதல்ல, ஏனெனில் தினசரி மாத்திரையோ கர்ப்பப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டியோ தரும் பாதுகாப்பை இது தராது.

இந்திய அரசு 2005ஆம் ஆண்டிலேயே இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது. தமிழ்நாட்டில் இதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. தடை ஏதும் இல்லை என்று அதிகாரிகளே பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் கடையில் இல்லை. 2020இல் பல மாநிலங்களின் மருந்துக்கடைகளில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், தமிழகத்தில் நூற்றுக்கு ஐந்து கடைகளில்கூட இது கிடைக்கவில்லை. வைக்காத கடைக்காரர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் "தடை இருக்கிறது" என்பதுதான்.

2007ஆம் ஆண்டு வாக்கில் இந்த மாத்திரைக்குத் தொலைக்காட்சியில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் இப்படியா என்று கோபம் எழுந்தது, கலாசாரம் கெட்டுவிடும் என்ற பேச்சும் எழுந்தது. தமிழகத்தில் எதிர்ப்பு மற்ற இடங்களைவிடப் பலமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளிலிருந்து மாத்திரை மறைந்துபோனது. கடைக்காரர்களைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. சோதனைக்கு வரும் அதிகாரி கேள்வி கேட்பாரோ, உரிமத்துக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் ஒருவர் நிறுத்துகிறார். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்து நிறுத்துகிறார். மொத்த வியாபாரியிடம் கேட்க ஆள் இல்லாததால் அங்கே சரக்கு வருவது நின்றுபோகிறது. எழுதப்படாத ஒரு தடை இப்படித்தான் உருவாகிறது. எழுதியிருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுதாததை எதிர்த்து எங்கே போவது?

இன்னொரு காரணம், நான் மேலே சொன்ன குழப்பம். கருவைக் கலைக்கும் மருந்துகள் வேறு: மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிரோஸ்டால் என்ற இரண்டும் சேர்ந்தவை, சட்டப்படி டாக்டரின் மேற்பார்வையில் ஒன்பது வாரம் வரை கொடுக்கப்படுபவை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அவை தவறான கைகளில் போய்விடும், பெண் சிசுவைக் கலைக்கப் பயன்படும் என்ற கவலையில் அதிகாரிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். (ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று நம்பகமாகத் தெரியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.) அந்தக் கண்டிப்பின் நிழல், கருவே உருவாகாமல் தடுக்கும் மாத்திரையின் மேலும் விழுந்துவிட்டது. இரண்டும் "அந்த மாத்திரை"தான். பெயர் சொல்லிக் கேட்க வெட்கப்படும் ஊரில், பெயர் இல்லாத இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன.

அதே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணுறைப் பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன. கர்ப்பமாகிவிட்டதா என்று பார்க்கும் கிட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கர்ப்பமாகாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரைதான் கிடைப்பதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கோபத்துக்குக் காரணம் உண்டு. மருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இந்த மாநிலத்துக்கு நாட்டிலேயே நல்ல பெயர். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தின் கொள்முதல் முறையைப் பார்த்து மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. மலைக்கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரைக்கும் இரும்புச் சத்து மாத்திரை போய்ச் சேர்கிறது. பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்குத் தாய்மார் மரணம் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இதற்குப் பின்னால் கிராம சுகாதார செவிலியர்கள், நம் ஊர்ப் பேச்சில் நர்சம்மாக்கள், வெயிலில் வீடு வீடாக நடந்த பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் தாயை நோக்கிக் கட்டப்பட்டது. வயிற்றில் பிள்ளை வந்தபின் ஒரு பெண்ணை அது கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பிள்ளை ஆனதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறது. அதற்கு முன்பும் இடையிலும் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு அதில் அவ்வளவாக இடம் இல்லை. அதே குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் திருமணமான, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதத்தினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பெரும்பாலோர் முப்பது வயதுக்கு முன்பே. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, ஊசி என்று மற்ற நவீன முறைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. ஆண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. அது பெண்களுக்குச் செய்வதைவிடச் சிறியது, எளியது, சில நிமிடங்களில் முடிவது. 1956இல் ஆண்களின் கருத்தடை ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்து ஊக்குவிக்கத் தொடங்கிய மாநிலம் அன்றைய சென்னை மாநிலம் என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது.

ஆபரேஷன் செய்துகொள்வதில் தவறே இல்லை. எத்தனையோ பெண்கள் மனம் விரும்பிச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் நிரந்தரமானது ஒன்று, எதுவுமே இல்லாதது ஒன்று என்று இரண்டே வழி இருக்கும்போது அதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு, திருமணமாகி ஒரு வருடம் வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு, இந்த ஏற்பாட்டில் பதில் குறைவு.

திருமணமாகாத பெண்ணுக்குப் பதிலே இல்லை. நர்சம்மாவிடம் ஒரு பதிவேடு இருக்கும். தகுதியான தம்பதியர் பதிவேடு என்று பெயர். அந்தப் பகுதியில் மனைவிக்கு 15 முதல் 49 வயதுவரை உள்ள தம்பதியர் எல்லாரும் அதில் இருப்பார்கள்: எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, என்ன முறை பின்பற்றுகிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயர் அந்த ஏட்டில் வராது. அரசு கணக்கில் அவளுக்குக் கருத்தடைத் தேவை என்ற ஒன்று கிடையாது. அவள் தானாகப் போய்க் கேட்கலாம் என்பீர்கள். நர்சம்மா அவள் தெருவில்தான் குடியிருப்பார், அவள் அம்மாவோடு ரேஷன் கடை வரிசையில் நிற்பார். முகம் தெரியாத கடைக்காரரிடம், பெயர் சொல்லாமல், காசு கொடுத்து வாங்கிவர முடிகிற இடம் ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சீட்டு இல்லாத விற்பனையே கொண்டுவரப்பட்டது. அந்தக் கதவைத்தான் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

அடைத்த கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது? நாள் தள்ளிப்போகிறது. பப்பாளிக்காய், எள்ளு, அன்னாசி என்று ஆரம்பிக்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் மூலம் அட்டை இல்லாமல், பில் இல்லாமல் கலைக்கும் மாத்திரை வருகிறது, எத்தனை வாரத்துக்கு எத்தனை மாத்திரை என்று சொல்ல ஆள் இல்லாமல். 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதில் 70 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. சரியான வாரத்தில், சரியான அளவில் சாப்பிட்டால் பெரும்பாலும் பாதுகாப்பானவைதான் அவை. தகவல் இல்லாமல் சாப்பிடும்போதுதான் இரத்தப்போக்கு நிற்காமல் நடு இரவில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டி வருகிறது. ஒரு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது உயிர்ப் பிரச்சினையாகிறது.

சட்டம் இந்தப் பெண்களுக்கு எதிராக இல்லை என்பதையாவது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. கருத்தடை தவறியதால் ஏற்பட்ட கர்ப்பம் பற்றிய பகுதியில் முன்பு "திருமணமான பெண்ணோ அவள் கணவரோ" என்று இருந்தது, இப்போது "பெண்ணோ அவள் துணையோ" என்று மாறியிருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அந்த 24 வார வரம்பிலிருந்து திருமணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. நடைமுறையில் பல மருத்துவமனைகளில் இன்னும் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா" என்கிறார்கள். 18 வயது நிறையாத பெண் வந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது, அந்தப் பயத்திலேயே அவர்கள் வருவதில்லை. சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிடத் தேவையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இது தெரிந்த டாக்டர்களே குறைவு என்பது என் அனுபவம்.

இதெல்லாம் வெளியூர் நாகரிகம், நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1930லேயே 'குடிஅரசு' இதழில் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் பெண்களின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகவும் இதை ஆதரிக்கிறார்கள், நாங்கள் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் அரசுத் திட்டம் எடுத்துக்கொண்டது அந்த மற்றவர்களின் காரணங்களை. மக்கள்தொகை குறைந்தது, திட்டம் வெற்றி பெற்றது. பெரியார் சொன்ன காரணம் அந்தக் கணக்கில் சேரவில்லை.

தங்கையிடம் வருகிறேன். ஞாயிறு மதியம் அவளிடம் நான் சொன்னது காப்பர்-டி பற்றி. உறவு கொண்ட ஐந்து நாளுக்குள் அதைப் பொருத்தினால் அவசரக் கருத்தடையாகவும் அது வேலை செய்யும், மாத்திரையைவிட நன்றாகவே செய்யும். தவறுவது நூறில் ஒருவருக்கும் குறைவு. வேண்டும்வரை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், பால் கொடுப்பதற்கும் இடைஞ்சல் இல்லை. அவள் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோதோ குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோதோ யாரும் இதைச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. திங்கட்கிழமை ஒரு தனியார் கிளினிக்கில், "நாள் தள்ளிப்போனால் வா, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. பத்து நிமிடம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

"இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அவரை நான்கு கடை ஏற விட்டிருக்க மாட்டேன் அக்கா" என்றாள். அவளுக்குக் கேட்க ஓர் அக்கா இருந்தாள், அந்த அக்காவுக்குத் தற்செயலாகப் பதில் தெரிந்திருந்தது. தற்செயலை நம்பி எத்தனை பேர் இருக்க முடியும்? பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது எங்கள் ஆசிரியை, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் சொல்லித்தர யார் இருந்தார்கள்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. புதிய சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கலாம், வைத்திருப்பதற்காக யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கடைக்கும் அனுப்ப வேண்டும். பத்திரிகைக்காரர்களிடம் வாயால் சொல்வதைக் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் போதும். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிக் கட்டங்களுக்குப் பக்கத்தில், ஆறாம் மாதத்தில் தாய்க்கு என்ன கருத்தடை முறை வேண்டும் என்று கேட்கிற ஒரு கட்டம் இருக்கட்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளாகி மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எல்லா அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் இரவு இரண்டு மணிக்கும் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

தங்கையின் நாத்தனார் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கே தெருமுனைக் கடையில் இந்த மாத்திரை கிடைக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நான்கு மாத்திரை வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள் தங்கை. அவளுக்கு இனி அது தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும், அவளோடு தையல் வகுப்புக்கு வரும் இன்னொருத்தியும் கேட்டு வைத்திருக்கிறார்கள்.